யாருக்கும் தெரியாத பாருக்கு எப்படிப் போவது?

பார் வேலையில் குடித்தவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. குடித்தவர் பாவம், உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். இன்னும் குடிக்காமல் இடம் தேடி அலைகிறவர்தான் நம் உயிரை எடுப்பார். லாட்ஜிலோ ஓட்டலிலோ டாக்சி ஸ்டாண்டிலோ நின்று டூரிஸ்ட்டுகளுக்குப் பதில் சொல்லிப் பிழைக்கும் என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஏற்காட்டில், நாகலூர் ரோட்டில் இருக்கும் ஒரு லாட்ஜின் பாரில். லாட்ஜுக்குப் பின்னால் பழைய காபி குடோன் ஒன்று சும்மா கிடந்தது. முதலாளி தங்கவேலு அதில் ஐந்து மேஜை போட்டு, லைசென்ஸ் வாங்கி, என்னை நிறுத்தினார். அதற்கு முன் நான் பெங்களூர் பார்களில் காலம் தள்ளியவன். மனைவி ரோஸ்லினுக்கு இங்கே மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் போனில்தான். அதனால் இந்த வேலை கிடைத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டேன்.

வந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "இத பாரு சகாயம், கோடை சீசன் முடியற வரைக்கும் பாப்பேன். ஆள் வரலீன்னா பாரை மூடிட்டு ரூமு போட்டுருவேன்." ரோஸ்லினோ அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில், நாகலூர் ரோட்டு பார் சீக்கிரம் மூடப்பட வேண்டும் என்று ஜெபம் வைத்தாள். மூடினால் நான் மறுபடி பெங்களூர் பஸ் ஏற வேண்டியதுதான் என்று எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு வேற ஜெபம் வெச்சுக்கலாமுங்க" என்றாள்.

இதான் தெரியுதே

ஆரம்பத்தில் எங்களுக்கு ரோட்டோரம் பெரிய போர்டு இருந்தது. உள்ளே லைட் போட்டு, பச்சையும் சிவப்பும் மாறி மாறி எரியும். அதைப் பார்த்துக்கொண்டே கார்கள் போகும். ஒன்றும் நிற்காது. எங்களுக்கு இருந்த ஒரே நிரந்தர வாடிக்கையாளர் மாதையன். பக்கத்துக் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் எஸ்டேட் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவார். மூலை மேஜையில் அளவாக ஒரு பிராந்தி, மிளகு தூவிய அவித்த முட்டை, என்னோடு கொஞ்சம் பேச்சு, அவ்வளவுதான். அவர் ஒருவரை வைத்து முதலாளி எப்படிப் பார் நடத்துவார்?

ஒரு நாள் சென்னைக் கார் ஒன்று போர்டுக்கு நேர் கீழே நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஓடினேன். கண்ணாடியை இறக்கியவர் குரலையும் இறக்கிக்கொண்டு, "இங்க யாருக்கும் தெரியாத சின்ன பார் ஏதாச்சும் இருக்கா? கூட்டம் இல்லாம, அமைதியா?" என்று கேட்டார். இந்த மலையில் எங்களை விட அமைதியான பார் கிடையாது, காலையிலிருந்து யாருமே வரவில்லை என்று உண்மையைச் சொல்லி, தலைக்கு மேலே போர்டைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தவரின் முகம் பச்சையானது, சிவப்பானது. "இது வேணாங்க," என்றார், "இதான் தெரியுதே."

காற்று செய்த விளம்பரம்

பிறகு ஒரு மழைக்காற்றில் சில்வர் ஓக் கிளை ஒடிந்து போர்டின் மேல் விழுந்தது. போர்டு பள்ளத்துக்குள் போய்விட்டது. முதலாளி எட்டிப் பார்த்தார். எப்படியும் மூடத்தானே போகிறோம் என்று அதை எடுக்கச் சொல்லவும் இல்லை. அந்த வாரக் கடைசியில் பெங்களூர்ப் பையன்கள் இரண்டு பேர் மேகமூட்டத்தில் வழி தவறி, பாத்ரூம் தேடி எங்கள் கதவைத் தள்ளினார்கள். வந்த வேலையை மறந்துவிட்டுச் செல்போனை எடுத்துவிட்டார்கள்.

அள்ளிப் போட ஆள் இல்லாமல் கிடந்த காபிச் சாக்குகள், வோல்டேஜ் இல்லாமல் அழுதுகொண்டிருந்த பல்பு, சுவரில் ஊறிய ஈரம், மூலையில் மாதையன் என்று எல்லாவற்றையும் படம் பிடித்தார்கள். 'ஏற்காட்டில் யாருக்குமே தெரியாத பார்' என்று வீடியோ போட்டு, உலகத்துக்கே தெரிவித்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஐந்து மேஜையும் நிறைந்துவிட்டது. நல்ல பல்பு வேண்டும் என்று நான் முதலாளியிடம் பொங்கலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இனியாவது மாட்டலாம் என்று நானே ஒன்றை வாங்கி வந்து ஸ்டூலில் ஏறினேன். கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணா, ப்ளீஸ், அந்த வெளிச்சத்தை மட்டும் கொண்டு வந்துடாதீங்க."

செல்வியக்காவின் சம்பளம்

கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தால்தான் ஆள் வருகிறான் என்பதை முதலாளி புரிந்துகொண்டார். புரிந்தபின் அவரைப் பிடிக்க முடியவில்லை. வாசலை மறைத்துக் குரோட்டன் தொட்டிகளை அடுக்கினார். பாதை லைட்டைக் கழற்றினார். போனில் வழி கேட்டால் முழுசாகச் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. "மிளகுக் கொடி ஏறின பெரிய மரத்துக்குப் பக்கத்தில் திரும்புங்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டும். நாகலூர் ரோட்டில் மிளகுக் கொடி ஏறாத மரம் ஒன்றை யாராவது காட்டினால் அவருக்கு நானே காசு வாங்காமல் ஊற்றிக் கொடுப்பேன்.

வழி தெரியாதவர்கள் எல்லோரும் திருப்பத்தில் இருக்கும் செல்வியக்கா டீக்கடையில் போய் நின்றார்கள். டீ குடிக்க அல்ல, அக்காவின் காதுக்குள் ரகசியமாக வழி கேட்க. ஒரு மத்தியானம் பால் வாங்கப் போன என்னை அக்கா பிடித்துக்கொண்டார். "ஏஞ்சாமி, நீங்க ஒளிச்சு வெச்ச கடைக்கு விடிஞ்சதுல இருந்து நாந்தான் கையைக் காட்டிக்கிட்டு நிக்கறேன். வடை கருகிப் போச்சு. உங்க முதலாளிகிட்டச் சொல்லி எனக்கும் ஒரு சம்பளம் போடச் சொல்லு."

காய்ச்சலில் படுத்தவர்

மறைவான இடத்தைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. அந்த இடத்துக்குத் தன்னைத் தவிர வேறு யாரும் வரக் கூடாது. அடுத்த மேஜையில் ஆள் இருந்தால் என்னைத்தான் முறைப்பார்கள், நான் சுவரேறிக் குதித்து அவர்களை அழைத்து வந்த மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். ஏதோ கம்பெனியில் மேனேஜர். உட்கார்ந்து முதல் வாய் குடித்தார், நிமிர்ந்தார், அப்படியே எழுந்துவிட்டார். எதிர் மேஜையில் அவருடைய ஆபீஸ் ஆள் ஒருவர் மிளகு முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடுமையான காய்ச்சல் என்று காலையில் லீவு சொன்னவராம்.

நான் டிரேயோடு நடுவில் மாட்டிக்கொண்டேன். "யாருக்கும் தெரியாத இந்த இடம் உனக்கு எப்படிய்யா தெரிஞ்சது?" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார். காய்ச்சல்காரர் மரியாதையாக எழுந்து நின்று, வாயைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார். "நீங்கதான் சார் மீட்டிங்ல எல்லார்கிட்டயும் சொன்னீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு."

களத்துக்கு வந்த விருந்தாளி

குடோனுக்கு வெளியே காபி காயவைக்கும் சிமெண்டுக் களம் உண்டு. கல்யாண நாள் கொண்டாட வந்த ஒரு ஜோடி, உள்ளே நெருக்கமாக இருக்கிறது, வெளியே மேகத்துக்குள் மேஜை போடுங்கள் என்றது. போட்டேன். மெழுகுவத்தி கேட்டார்கள், அதையும் வைத்தேன். கொறிக்க எடுத்துக்கொண்டு திரும்பினால், களத்து ஓரத்தில் ஒரு காட்டெருமை நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் மலையில் அது சகஜம். சகஜம் என்பதற்காக யாரும் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்வதில்லை.

சத்தம் போடாமல், திடீரென்று ஓடாமல், மெதுவாக எழுந்து உள்ளே வாருங்கள் என்று சைகை காட்டினேன். அந்த அம்மா புரிந்துகொண்டு வந்துவிட்டார். கணவர் மட்டும் நிதானமாக கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்து, கதவைத் தாண்டியதும் என் காதருகே குனிந்தார். "சூப்பரா பண்ணியிருக்கீங்க பாஸ். இதுக்குத் தனியா சார்ஜ் உண்டா?"

ரைட்டர் மேஜை

வீடியோவில் வந்ததால் மாதையனும் பார்க்க வேண்டிய இடமாகிவிட்டார். அவர் முட்டையை உரித்தால் படம், தும்மினால் படம். படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று முதலாளி அவரை முண்டாசு கட்டி வரச் சொன்னார். மனிதர் வாழ்நாள் பூராவும் பேண்ட் சட்டையோடு எஸ்டேட்டில் கணக்கெழுதியவர். எழுந்து போனார். மறுநாள் வந்தபோது அவருடைய மூலையில் சேலத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

எனக்கு அன்று மனசே சரியில்லை. ஆள் இல்லாத காலத்தில் இந்த பாரில் எனக்குப் பேச்சுத் துணையாக இருந்தது அவர் ஒருவர்தான். பாதை வரை ஓடிப் போய், ஸ்டூலாவது போடுகிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டேன். அவர் கோபப்படவில்லை. "இருக்கட்டுமுங்க. நொம்ப நாளா எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருந்துச்சு. இப்ப எல்லார்த்துக்கும் தெரிஞ்சு போச்சு, அதான் எனக்கு எடமில்லீங்க."

ஒண்டிக்கடை யோசனை

இவ்வளவு நன்றாகப் போகும் பிழைப்பை முதலாளி சும்மா விடுவாரா? ஒளிந்திருக்கும்போதே இவ்வளவு கூட்டம் என்றால், ஒளிந்திருக்கிறோம் என்பதை நாலு பேருக்குச் சொன்னால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டார். ஏற்காட்டுக்குள் எல்லா வண்டியும் திரும்பும் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் ஒரு பெரிய போர்டை வாடகைக்குப் பிடித்தார். 'யாருக்கும் தெரியாத ரகசிய பார். இங்கிருந்து நேராகச் செல்லவும்' என்று எழுதி, பெரிய அம்புக்குறியும் போட்டார். குரோட்டன் தொட்டிகள் போயின. சாக்குகள் போயின. அழுத பல்பு போய்க் குழல் விளக்கு வந்தது.

ஆட்களும் போனார்கள். ஐந்து மேஜை மூன்றாகி, ஒன்றாகி, கடைசியில் நானும் குழல் விளக்கும்தான் மிச்சம். கோடை சீசனும் முடியும் நேரம். பெங்களூர் பஸ் என் கண்முன்னே நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. அந்த போர்டைக் கழற்றிவிடலாமுங்க, பழையபடி ஆக்கிவிடலாமுங்க என்று முதலாளியிடம் கெஞ்சினேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எல்லா வித்தையும் பாத்தாச்சு சகாயம். நாளைக்கே மூடிரலாம். கிளாசு, பாட்டிலைக் கட்டி வெக்கற வரைக்கும் மட்டும் நில்லு."

நிரந்தரமாக

மூடுவதிலும் முதலாளி சிக்கனம். ஒண்டிக்கடை போர்டுக்குக் கொடுத்த வாடகை வீணாகக் கூடாது என்று, அம்புக்குறியை விட்டுவைத்து, பழைய எழுத்தை மட்டும் அழித்துவிட்டு 'பார் நிரந்தரமாக மூடப்பட்டது' என்று அதிலேயே எழுதவைத்தார். நான் கிளாஸ்களைத் துடைத்துப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் பெட்டி தயாராக இருந்தது. ரோஸ்லின் அதை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

சாயங்காலம், கூட்டம் ஓய்ந்ததைக் கேள்விப்பட்டு மாதையன் வந்தார். ஒற்றையடிப் பாதையில் வருகிறவருக்கு ஒண்டிக்கடை போர்டு எங்கே தெரியும்? காலி மேஜையைப் பார்த்து முகம் மலர்ந்து, தன் மூலையில் போய் உட்கார்ந்தார். இதுவே கடைசி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிராந்தியை வைத்துவிட்டு முட்டை உரிக்கும்போது கதவு மெல்லத் திறந்தது. இரண்டு கார் ஆட்கள் பூனை மாதிரி எட்டிப் பார்த்தார்கள். பார் மூடியாச்சு, போர்டு பார்க்கவில்லையா என்று கேட்டேன். முன்னால் நின்றவர் கண்ணடித்தார். "அதைப் பார்த்துட்டுத்தான் சார் வர்றோம். மூடிட்டீங்கன்னா வேற யாரும் வர மாட்டாங்கல்ல?"

ரோஸ்லின் போட்ட நிபந்தனை

முதலாளி இப்போது அந்த போர்டுக்கு வாடகையைத் தவறாமல் கட்டுகிறார். எழுத்து மங்கினால் பெயிண்டரை வரவழைத்து 'நிரந்தரமாக' என்பதை மட்டும் தடிமனாக்குகிறார். சாக்குகளும் பழைய பல்பும் திரும்பிவிட்டன. மூலை மேஜையில் ரைட்டரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்று நான் கேட்டேன், முதலாளி ஒத்துக்கொண்டார். முண்டாசுப் பேச்சே கிடையாது. எனக்கு வேலை நிலைத்தது. பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை மறுபடி கொடியில் போட்டேன்.

ரோஸ்லின் அடுப்படியிலிருந்து வந்து சட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கும் சந்தோஷம்தான், மறைக்கத் தெரியவில்லை. ஆனால் அந்த போர்டைத் தாண்டித்தான் அவளும் கோயில் பெண்களும் தினம் போகிறார்கள். முதல் நாளே அதைக் கண்டு, ஜெபம் கேட்கப்பட்டது என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சாட்சி சொல்லி, கைதட்டலும் வாங்கிவிட்டாள். சட்டை ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்: "பாரு மூடியாச்சுன்னு கோயில்ல சொன்னது சொன்னதுதானுங்க. நீங்க பெங்களூரு போகவேண்டாம், ஊட்லயே இருங்க. ஆனா நாளையில இருந்து ரோட்டு வழியா வேலைக்குப் போகாதீங்க."

ஆக, ஊருக்கே தெரிந்துபோன அந்த பாருக்கு இன்றைக்கும் எஸ்டேட் ஒற்றையடிப் பாதையில் மாதையனுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போகிறவன், அங்கே சம்பளம் வாங்கும் நான் ஒருவன்தான்.