கணக்கில் சேராத படம்

கணினித் திரையில் அந்தப் படம் திறந்தபோது டொக்டர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். வழமையைவிடச் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிள்ளை, இது என்ர," என்றார்.

வவுனியாவில் அந்த ஆய்வுகூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நோயாளியின் உடலிலிருந்து எடுத்த இழையத்தை, அதாவது சிறு சதைத் துண்டை, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. அதை நுணுக்குக்காட்டியில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று சொல்வது டொக்டரின் வேலை. பக்கத்து நெளுக்குளத்திலிருந்து வருவார், அதிகம் கதைக்காத பெண்மணி. சந்தேகம் வந்தால், யார் அவசரப்படுத்தினாலும் கையெழுத்து வைக்கமாட்டார்.

வழமையான சாயத்தில் எல்லாம் ஊதாவும் இளஞ்சிவப்புமாகத்தான் தெரியும். கட்டிக்குள் நிற்கும் நோயெதிர்ப்புக் கலங்களில், அதாவது செல்களில், எது தாக்குவது, எது அந்தத் தாக்குதலை அடக்குவது என்று அதில் பிரித்தறிவது கடினம். புதிய முறையில் ஒரே சீவலில் பல சாயங்களை ஏற்றுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு வகைக் கலத்தில் மட்டும் போய் ஒட்டும். புற்றுக் கலம் சிவப்பு, தாக்குவது பச்சை, அடக்குவது மஞ்சள் என்று, எது எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் ஒரே படத்தில் பார்க்கலாம். அதற்கான இயந்திரம் எங்களிடம் இல்லை. கட்டிக்குள் பச்சைக் கலங்கள் நிற்கும் பெண்கள் அதிக காலம் பிழைக்கிறார்களா என்று பார்க்கும் ஒரு மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்காக, சம்மதித்த பெண்களின் சீவல்கள் எங்களிடமிருந்து வெளிநாட்டுக்குப் போயின. படங்கள் இணையத்தில் திரும்பி வந்தன. படங்களில் பெயர் இராது, இலக்கம் மட்டுந்தான். அவற்றைப் பார்த்து மதிப்பிட்டவர்களில் டொக்டரும் ஒருவர்.

புத்தகங்களில் அந்தப் பச்சைக் கலங்களைப் படைவீரர்கள் என்று எழுதியிருப்பார்கள். டொக்டர் அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. "வந்திருக்கினம்", "வரேல்லை" என்றுதான் சொல்வார், கலியாண வீட்டுக்கு ஆட்கள் வந்ததைச் சொல்வதுபோல. சில படங்களில் பச்சை முழுவதும் கட்டியின் விளிம்போடு நின்றுவிட்டிருக்கும். உள்ளே ஒன்றுகூட இராது. அப்படியான படத்தைப் பார்த்து முடித்தால் டொக்டர் எழுந்துபோய் யன்னலடியில் கொஞ்ச நேரம் நிற்பார்.

இந்த ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதுதான் அவருக்கே மார்பில் கட்டி வந்தது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்தவர், மற்றப் பெண்களைப்போலவே ஆய்வுக்குச் சம்மதம் கொடுத்தார். கொழும்பிலிருந்து வந்த அவரது இழையத்தை நான்தான் சீவினேன். "என்ர எண்டு நினைச்சுப் பயந்து பயந்து வெட்டாதேங்கோ. எல்லாரின்ரயையும் போல வெட்டுங்கோ," என்று சொல்லிவிட்டு அறையைவிட்டுப் போய்விட்டார். அவரது படம் வேறொரு மதிப்பீட்டாளருக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கேயோ தவறி அது எங்களுக்கே வந்துவிட்டது. ஒரு பக்கம் உள்வாங்கிய அவரைக்கொட்டை போன்ற அந்த வடிவத்தை வழமையான சாயத்தில் அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். இலக்கம் எதை மறைத்தாலும் அதை மறைக்கவில்லை.

"மூடட்டோ, டொக்டர்?"

"பொறுங்கோ. பெரிசாக்குங்கோ."

அப்போது அவருக்கு ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்த காலம். தலைமுடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் விழுங்கவே கஷ்டப்பட்டார். நான் படத்தைப் பெரிதாக்கினேன். கட்டியின் விளிம்பில் பச்சை அடர்த்தியாக நின்றது. உள்ளே நகர்த்தினேன். சிவப்பு. இன்னும் நகர்த்தினேன். சிவப்புத்தான். பிறகு ஒரு பச்சை. தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் ஒரு சிறு கூட்டம். ஆனால் பலவற்றின் பக்கத்தில் மஞ்சளும் ஒட்டி நின்றது.

"வந்திருக்கினம்," என்றார் டொக்டர். "ஆனால் தனிய வரேல்லை."

"அது நல்லதோ, கூடாதோ?"

"தெரியேல்லை. ஒரு படத்தை வைச்சு ஒரு ஆளுக்குச் சொல்லேலாது. அதுக்குத்தானே இந்த ஆய்வே."

படத்தை மூடச் சொன்னார். பிறகு, "உள்ளுக்கு ஒருத்தரும் இல்லாட்டி இந்த ஊசியை நிப்பாட்டிப் போடுவம் எண்டு நினைச்சனான், பிள்ளை. வேற ஆராவது இப்பிடிச் சொல்லியிருந்தா ஏசியிருப்பன்," என்றார்.

"அப்ப இனி?"

"போவன். முழுக்கப் போட்டு முடிப்பன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. தொலைபேசியை எடுத்து ஆய்வுக்குப் பொறுப்பானவரை அழைத்து, தன் படத்தை நீக்கச் சொன்னார். மறுமுனையில் மறுத்தார்கள் போலும். டொக்டரின் குரல் உயர்ந்தது. "படத்தைப் பாத்திட்டுத்தான் நான் மருந்தைத் தொடருறன். இனி நான் இருந்தாலும் செத்தாலும், அது அந்தக் கலங்களால எண்டு நீங்கள் எழுதேலாது. எடுங்கோ."

அன்று எனக்கு அவர்மேல் சரியான கோபம். வெட்டிக் கொடுத்த சதையையும் வீணாக்குகிறாரே என்று மனம் குமைந்தது. அதன்பிறகு வந்த மாதங்கள் முழுவதும், அவர் கதிரை காலியாக இருந்த ஒவ்வொரு காலையும் பயத்தோடுதான் விடிந்தது. பரிசோதனைக்குக் கொழும்பு போகிறார் என்றால், தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் "ஒண்டும் இல்லையாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். பச்சைக் கலங்களா, மருந்தா காப்பாற்றியது என்று ஒருமுறை கேட்டேன். "தெரியேல்லை," என்றார்.

ஆய்வின் முடிவுகள் வருடங்கள் கழித்து, கடந்த கிழமைதான் அறிக்கையாக வந்தன. பின்பக்கத்தில் படங்களைப் போட்டிருந்தார்கள். அது இராது என்று தெரிந்தும் ஒவ்வொன்றாகத் தேடினேன். அவரைக்கொட்டை வடிவம் அதில் எங்கும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையிலிருந்து டொக்டரின் குரல் கேட்டது.

"பிள்ளை, இந்தத் தகடு சரியில்லை. திருப்பி வெட்டுங்கோ."