மாநாட்டுக்கு வாங்கிய வாய்தா

நீதிமன்ற வட்டாரத்தில் அந்த வக்கீலம்மாவுக்கு எறும்பு என்று பேர். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். வழக்கைக் கூப்பிடுவதற்குள் எல்லா வராந்தாவையும் சுற்றி வந்துவிடுவாள். அப்படிப்பட்டவளை வருடத்துக்கு ஒருமுறை வழக்கறிஞர் மாநாடு என்று குளிரூட்டிய மண்டபத்தில் நாற்காலியோடு கட்டிப்போட்டால் என்ன ஆகும்? ஆனாலும் தவறாமல் போவாள். போகாவிட்டால், தொழில் படுத்துவிட்டது போலிருக்கிறது என்று நாலு பேர் வாயில் விழவேண்டும்.

இந்த வருடம் முதல் உரையிலேயே கால் ஆட ஆரம்பித்துவிட்டது. காரணம், காலையில் கட்சிக்காரியிடமிருந்து வந்த ஃபோன். துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண் அவள். விவாகரத்துக்குப் பிறகு மகன் அப்பாவிடம் வளர்கிறான். பள்ளி விடுமுறையில் சில நாளாவது பிள்ளையைத் தன்னிடம் அனுப்பவேண்டும் என்று மனு. போன விடுமுறைக்கும் இதே மனுதான். தேதி தள்ளித் தள்ளி விடுமுறையே தீர்ந்துபோனது. இந்த முறை விசாரணை இன்றைக்கு இருந்தது. மாநாடு என்று சொல்லி இரு தரப்பு வக்கீல்களும் சேர்ந்து வாய்தா வாங்கிவிட்டார்கள். மாநாட்டு வாரத்தில் எல்லோரும் செய்வதுதான். நீதிபதி சொன்ன புதுத் தேதிக்கு எறும்பும் தலையாட்டினாள். காலண்டரைப் பார்க்கவில்லை.

“அக்கா, நீங்க சொன்ன தேதிக்கு ஸ்கூலே திறந்துடுமே,” என்றாள் அந்தப் பெண். “லீவு ஞாயித்துக்கிழமையோட முடியுது. அப்புறம் எப்படிக்கா அனுப்புவாங்க?”

கோபமாகக் கேட்டிருந்தாலாவது பதிலுக்கு எரிந்து விழுந்திருக்கலாம். சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். எறும்பு அப்போதுதான் காலண்டரை எடுத்துப் பார்த்தாள். அட மண்டூகமே, இதைக்கூடவா பார்க்காமல் விட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேடையில் யாரோ கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அவளுக்கு வழிவிட்டு வழிவிட்டு அலுத்துப்போன பக்கத்து நாற்காலிக்காரர், பையைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்கே போய்விட்டார். அவள் எதிர்த்தரப்பு வக்கீலைத் தேடினாள். சட்டக் கல்லூரியில் இவளுக்கு மூத்தவர். எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும், பாத்துக்கலாம்’ என்கிற ஆள். சாப்பாட்டுக் கூடம் திறந்ததுதான் தாமதம், முதல் ஆளாகத் தட்டை நிரப்பிக்கொண்டு நின்றார்.

விஷயத்தைக் கொட்டினாள். வழக்கம்போல, ஆகட்டும், திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்றார். எறும்புக்கு எங்கிருந்துதான் அவ்வளவு எரிச்சல் வந்ததோ, அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள்.

“திங்கக்கிழமை அந்தப் பையன் ஸ்கூல்ல இருப்பான் அண்ணா. இப்பவே உங்க கட்சிக்காரருக்கு ஃபோன் போடுங்க. போட்டாதான் தட்டு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஓர் ஓரமாகப் போய் ஃபோன் போட்டார். பையனின் அப்பா முதலில் முரண்டு பிடித்திருப்பார் போல. இவர், அட, பெத்த அம்மாகிட்டதானே அனுப்பப் போறீங்க என்று தட்டிக்கொடுத்துப் பேசினார். அவ்வளவுதான். நாளைக் காலையில் அப்பாவே பையனைக் கொண்டுவந்து விடுவார், ஞாயிறு சாயங்காலம் வந்து கூட்டிப்போவார். தட்டில் சாப்பாடு ஆறக்கூட இல்லை.

எறும்பு வாசலுக்கு ஓடி, கட்சிக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பெண் கடையிலேயே அழுதுவிட்டாள். நீங்க நல்லா இருக்கணும்க்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எறும்புக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“ஒரு ஃபோன்லயே முடியுமாக்கா இது?”

“ம்.”

“அப்ப போன லீவுக்கும் போட்டிருக்கலாமேக்கா.”

எறும்பு ஃபோனைக் காதில் வைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். உள்ளே அடுத்த உரைக்கு எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.