ஒரு குத்துக்கு மேல் இல்லை

கொசு, பிளம்பரின் முன்கையை வெந்நீர்ப் பையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். சூடு பட்டால் நரம்பு கொஞ்சம் எழும்பும். இவருக்கு எழும்பவில்லை. மாதக்கணக்கில் ஏறிய புற்றுநோய் மருந்து நரம்புகளை எல்லாம் உள்ளே விரட்டியிருந்தது.

கொசு என்பது ஆஸ்பத்திரியில் நாங்கள் வைத்த பெயர். ரத்தம் எடுப்பது அவள் வேலை. குரலும் அப்படித்தான், காதை விட்டுப் போகாது. பெயருக்காக அவள் கோபித்ததில்லை. "கொசு கேட்டுட்டா கடிக்குது? நான் கேட்டுட்டுத்தானே குத்தறேன்" என்பாள். ஊரார் ரத்தமெல்லாம் எடுப்பவள், தன் கையில் ஊசி என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு புருஷனைத் திட்டுவாள். அவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் திட்டுவாள்.

பிளம்பர் அன்று நிபந்தனையோடு வந்திருந்தார். "போன தடவ அஞ்சாறு இடத்துல குத்துனீங்க. இன்னிக்கு ஒரே குத்து. ரெண்டாவது குத்தினா எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன். மருந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ரத்தப் பரிசோதனை இல்லாமல் மறுநாள் மருந்து ஏற்ற மாட்டார்கள். அது தெரிந்த அவர் மனைவி, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"சுவத்துக்குள்ள ஓடற பைப்பை நான் தட்டிப் பாத்தே கண்டுபிடிப்பேன், சிஸ்டர். உங்களுக்கு என் கை நரம்பு தெரியலையா?"

"சுவரு ஆடாம நிக்கும் அண்ணே. பேசாமயும் நிக்கும்."

நரம்பு காட்டும் கருவிகள் இரண்டு அப்போது எங்களிடம் சோதனைக்கு வந்திருந்தன. தோல்மேல் பச்சை வெளிச்சம் விழும். அடியில் ஓடும் நரம்பு அதில் கறுப்புக் கோடாகத் தெரியும். ஒன்று சட்டைப் பையில் அடங்கும். மற்றது சக்கரம் வைத்த கம்பத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். கொசு அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்து, மூலையில் தள்ளித் துணி போர்த்தியிருந்தாள். எதை வாங்குவது என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். விற்க வந்தவர் சின்னதை வாட்ச்மேன் கையில் காட்டினார். அந்தக் கை நரம்பு தெருமுனையிலிருந்தே தெரியும். அதைப் பார்த்து மயங்கி, "சின்னதே போதும்" என்று பெரிய டாக்டரிடம் அவளே சொல்லியும் விட்டாள்.

இப்போது அந்தச் சின்னதைத்தான் எடுத்தாள். இடக்கையில் கருவி, வலக்கையில் ஊசி. தோலை இழுத்துப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. பிடிக்காவிட்டால் நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடும்.

"அக்கா, இதைக் கொஞ்சம் நேரா பிடிங்க."

மனைவி பிடித்தார். பயத்தில் கை நடுங்கியது. கருவி சாய்ந்தால் கோடு நரம்பை விட்டுத் தள்ளி விழும். இங்கே அது ஆட்டமே போட்டது.

"வீட்டுல டார்ச் பிடிக்கச் சொன்னாலும் இப்படித்தான்" என்றார் பிளம்பர். "நான் தொட்டிக்கு அடியில கிடப்பேன், இவ கூரைக்கு வெளிச்சம் காட்டுவா."

"நீங்க கத்தாம இருந்தா எனக்கு ஏன் கை ஆடுது?"

கொசு ஊசியைக் கீழே வைத்தாள். தோலைத் தொடாததால் அது குத்தாகாது என்று முதலில் அவரிடம் உறுதி வாங்கிக்கொண்டாள். பிறகு கொக்கின் துணியை உருவி இழுத்து வந்து, தலையைக் கைக்கு நேர்மேலே திருகி நிறுத்தினாள். இப்போது அவளுடைய இரண்டு கையும் காலி.

தடித்த கோடு ஒன்று, மெல்லிய கோடு ஒன்று தெரிந்தன.

"அதோ பெருசு!" என்றார் பிளம்பர்.

கொசு அதை விரலால் அழுத்தி வழித்தாள். கோடு அப்படியே கிடந்தது. "அடைச்ச பைப் அண்ணே இது." மெல்லியதை வழித்தாள். அழிந்தது, விரலை எடுத்ததும் ஓடி வந்து நிரம்பியது. தோலை இழுத்துப் பிடித்துக் குத்தினாள். குழாயில் ரத்தம் ஏறியது.

"எப்ப குத்தப் போறீங்க?"

"நீங்க பேசிட்டே இருங்க அண்ணே, நான் எடுத்துட்டே இருக்கேன்."

மனைவி பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

மறுநாள் காலை கொசு பெரிய டாக்டரிடம் போய், "நான் சொன்னது தப்பு சார், பெருசையே வாங்குங்க" என்றாள். சின்னதைப் பெட்டியில் போட்டு ஒட்டி, விற்க வந்தவரிடம் திருப்பிக் கொடுத்தாள். பிளம்பர் மருந்து ஏற்றிக்கொள்ள வந்து உட்கார்ந்ததும், அந்த ஊசிக்கும் நரம்பு பார்க்கக் கொக்கை அவர் பக்கத்தில் தள்ளி வந்து, சக்கரங்களைக் காலால் பூட்டினாள்.