அந்த வார்த்தையை அப்படியே எழுதச் சொன்னவர்

கேரளத்தில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் புகார்களை விசாரிக்க ஒரு குழு உண்டு. கேலி, தொந்தரவு, பாகுபாடு என்று எது வந்தாலும் அங்கேதான் வரும். என்னை அதில் சேர்த்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் எழுதுவேன், குறிப்பெடுக்க ஆள் வேண்டியிருந்தது. குழுவின் தலைவர் விலங்கியல் பேராசிரியை. ரப்பர் தோட்டங்கள் நிறைந்த அம்பூரிக்காரர். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

ஒரு நாள் எங்கள் எல்லைப்பக்கத்துக் குன்னத்துகாலிலிருந்து தாவரவியல் படிக்க வந்த பெண் ஒருத்தி புகார் கொடுத்தாள். வீட்டில் தமிழ் பேசுகிறவள். அவளுடைய மலையாளத்திலும் அந்தத் தமிழ் இழுப்பு இருக்கும். ரப்பர் இலை உதிரும் நோயைப் பற்றி வகுப்பில் செமினார் எடுத்தபோது ஆசிரியர் நடுவில் நிறுத்தி, அவள் சொன்னதை அவளைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினாராம். "பாண்டியில் இலை இப்படித்தான் உதிருமா?" என்று கேட்டாராம். 'பாண்டி' என்பது மலையாளத்தில் தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல். எங்கள் எல்லை ஊர்களில் வளர்ந்த யாரும் அதைக் கேட்காமல் இருந்ததில்லை. வகுப்பே சிரித்தது. பிறகு அதுவே அவள் பெயராகிவிட்டது, கேன்டீனிலும் லேபிலும் வாட்ஸ்அப் குழுவிலும். அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தாள்.

அந்த ஆசிரியர் டீச்சருக்குப் பல வருட நண்பர். மாலைச் சாயா இருவருக்கும் ஒன்றாகத்தான். புகார் வந்த அன்றே டீச்சர் அவரிடம், "சார், இது முடியுத வரை நான் தனியா குடிச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணின் தேர்வுத் தாள்களை வேறு ஆசிரியர் திருத்தவும் ஏற்பாடு செய்தார்.

விசாரணையில் அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு மலையாளத்தில் தடுமாறினாள். டீச்சர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"மக்கா, வீட்டுல பேசுத மாதிரி பேசு. இஞ்ச எல்லாருக்கும் மனசிலாவும்."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தாமல் பேசினாள். நான் குறிப்பில், 'ஆசிரியர் தகாத சொல்லால் அழைத்தார்' என்று எழுதினேன். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"எந்தச் சொல்லு? அது இதுல இல்லியே."

"எழுத ஒரு மாதிரியா இருக்கு டீச்சர்."

"அந்தப் பிள்ளை தினமும் கேட்டுக்கிட்டுல்லா இருந்தா. நமக்கு ஒரு தடவை எழுத முடியாதா? அப்படியே எழுது."

எழுதினேன். காகிதத்தில் பார்த்தபோது எனக்கே முகம் சுட்டது.

குழுவில் ஒருவர், "இதெல்லாம் ஒரு தமாசாக்கும்" என்று ஆரம்பித்தார். டீச்சர் அவரிடம் வாதாடவில்லை. "அதை நாம கடைசியில தீர்மானிப்போம்" என்றவர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"எனக்க செமினார் பாதியில நிக்குது டீச்சர். அதை எனக்கு முழுசா எடுக்கணும். அதே வகுப்புல."

அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

அடுத்த அமர்வில் ஆசிரியர் வந்தார். தான் எல்லா மாணவர்களோடும் விளையாட்டாகப் பேசுகிறவன் என்று வெகுநேரம் விளக்கினார். டீச்சர் ஓரிடத்திலும் குறுக்கிடவில்லை. அவர் முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்தச் சொல்ல வேற எந்தப் பிள்ளைகிட்டயாவது சொன்னதுண்டா சார்?"

அவர் யோசித்தார். "இல்ல" என்றார், குரல் இறங்கி. அவர் பொய் சொல்லவில்லை என்பதை டீச்சர் அறிக்கையில் குறிப்பிட மறக்கவில்லை.

ஆசிரியருக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அவர் வகுப்பில் நின்று சுருக்கமாக மன்னிப்புக் கேட்டார். அதன்பின் டீச்சரோடு பேசுவதில்லை. வருத்தமில்லையா என்று வேலை முடிந்து சேர்ந்து திரும்பும் ரயிலில் ஒருமுறை கேட்டேன். "உண்டு. நல்ல மனுசனாக்கும். ஆனா அந்தப் பிள்ளைக்கு நம்மள விட்டா வேற ஆளு இல்ல பாத்தியா" என்றார்.

மறு செமினாருக்கு வேறு ஆசிரியரை வைத்தார்கள். நாமும் போவோமா என்றேன். டீச்சர் மறுத்துவிட்டார்.

"எனக்க தலைய கண்டா பயந்து சிரிக்காம இருக்கும் பிள்ளைகள். அது வேண்டாம்."

செமினார் நடந்த அன்று மத்தியானம் அந்தப் பெண் என்னைப் போனில் அழைத்தாள். தொடக்கத்தில் பின்பெஞ்சில் ஒருவன் சிரித்தானாம். முன்னால் இருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டானாம். மற்றபடி, இழுப்பு வந்த இடத்தில் எல்லாம் வந்தபடியே விட்டுவிட்டுப் பேசி முடித்ததாகச் சொன்னாள்.

இதைச் சொல்ல டீச்சரின் அறைக்கு ஓடினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "பிள்ளைகள் கேள்வி ஏதும் கேட்டுதா?" என்றார்.

"கேட்டுது டீச்சர். அம்பூரியில எந்த மாசம் இலை உதிரும்னு ஒரு பையன் கேட்டானாம்."

தன் ஊர்ப் பெயரைக் கேட்டதும் டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுந்துபோய், வெளியே பெஞ்சில் புகார்த் தாளோடு காத்திருந்த இன்னொரு மாணவியை உள்ளே கூப்பிட்டார்.