தூக்குக்குண்டு முன்னால் நாகநாதன்

பூதலூர் கடைத்தெருவில் தோட்டுத் திருகாணி தொலைந்தால் யாரும் பதறுவதில்லை. நாகநாதனை அந்தப் பக்கம் ஒருதரம் நடக்கவிட்டால் போதும். குவைத்தில் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் குந்தியபடி வெல்டிங் வைத்து வைத்து அவர் கழுத்து முன்னால் கவிழ்ந்து, முதுகு வளைந்து, பார்வை தரையோடு போய்விட்டது. கொலுசு மணி, சாவி, எதுவும் தப்பாது. ஒருநாள் எறும்பு ஒன்று நொண்டுவதைக் கண்டுபிடித்தாராம். இடதுகாலா வலதுகாலா என்பதில்தான் ஊர் இன்றுவரை இரண்டு கட்சி.

நாகநாதனுக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் அவர் மனைவி வள்ளியம்மைக்கு. தை மாதம் திருக்கடையூரில் அறுபதாங் கல்யாணம் குறித்தாகிவிட்டது.

"மொத கல்யாணத்துல நான் குனிஞ்ச தலை நிமிரல. நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள நீங்க பிளேன் ஏறிட்டீங்க. இந்தத் தடவையாச்சும் எம் மூஞ்சியைப் பாத்துக் கட்டுங்க. தாலியை என்ன, எங் கால் கட்டைவிரல்லயா கட்டப் போறீங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தஞ்சாவூரில் மாத்திரை, ஊசி இல்லாமல் கையாலேயே உடம்பைச் சீராக்குகிற பிசியோதெரபிஸ்ட் லியோ என்பவரிடம் இருவரும் போனார்கள். சுளுக்கு எடுப்பவர் போலக் கழுத்தைப் பிடித்து 'மடக்'கென்று ஒரு திருப்புத் திருப்புவார் என்று வழி முழுக்க நாகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

லியோ கழுத்தைத் தொடவே இல்லை. சுவர் நேரா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் கட்டி விடும் தூக்குக்குண்டு ஒன்று கூரையிலிருந்து தொங்கியது. அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

"சும்மா, எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்கய்யா."

அங்கேதான் விவகாரம் ஆரம்பித்தது. லியோவின் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் நாகநாதனுக்கு, குவைத் போகுமுன் பம்பாயில் நடந்த மெடிக்கல் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே வலி என்று வாய் திறந்தவன் ஊருக்கு ரயில் ஏறினான். மூச்சைப் பிடித்து நிமிர்ந்தவன் விமானம் ஏறினான். அந்தப் பழக்கம் எலும்பில் ஊறியிருந்தது. மூச்சை இழுத்தார், மார்பைத் தூக்கினார். தூக்குக்குண்டே கொஞ்சம் கோணலோ என்று சந்தேகம் வரும்படி நின்றார்.

லியோ தோள்பட்டையை அழுத்தினார். "இங்க வலிக்குதாய்யா?"

"இல்லீங்க சார்."

"கழுத்துல?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்." நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

லியோவுக்குக் குழப்பம். "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. நேராத்தான் நிக்கிறாரு. இதுக்கு எதுக்கு வைத்தியம்?"

நாகநாதன் முகத்தில் ஃபிட் முத்திரை வாங்கிய களை. வள்ளியம்மை அவர் பக்கத்தில் வந்தாள்.

"இப்படி மூச்சப் புடிச்சிக்கிட்டுத் தாலி கட்டுனா மூணாவது முடிச்சுக்குள்ள மயங்கி விழுந்துடுவீங்க" என்றாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு கணம் யோசித்தாள். தோட்டைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு, திருகாணியைத் தரையில் நழுவவிட்டாள்.

"ஐயையோ, எந் திருகாணி!"

பிடித்திருந்த மூச்சு 'புஸ்'ஸென்று போனது. முதுகு வளைந்தது, கழுத்து கவிழ்ந்தது. அடுத்த நொடி கட்டில் காலுக்கு அடியிலிருந்து திருகாணியை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்படியே நில்லுங்கய்யா, அசையாதீங்க!" என்றார் லியோ. காதுக்கும் குண்டின் நூலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. "இந்த ஆளைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். ஐயா, இங்கேருந்து யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க."

கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார். இரண்டு கையையும் பிடரிக்கு அடியில் கொடுத்துத் தலையின் கனத்தைத் தானே தாங்கிக்கொண்டார். நாகநாதன் 'மடக்'குக்காகக் காத்திருந்தார், அது வரவேயில்லை. கட்டைவிரல் தோளோரமாக மெல்ல ஊர்ந்து ஓர் இடத்தில் நின்றது.

"வலி..." பாதியில் நிறுத்திக் கதவைப் பார்த்தார். ஊருக்கு அனுப்ப யாரும் வரவில்லை. "வலிக்குதுங்க" என்றார்.

"அங்கேயே மூச்சை விடுங்க."

பிறகு விலா, பிறகு இடுப்பு. ஓரிடத்தில் சுகமாக இருந்தது. இன்னோரிடத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் எழுந்து நின்றபோது தலை லேசாகச் சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. ஒரே நாள்ல நிமிராது. சாயங்காலமே பாதி பழையபடி ஆயிடும். திரும்பத் திரும்ப வரணும்" என்றார் லியோ.

தூக்குக்குண்டு நூலுக்கு இன்னும் நாலு விரற்கடை பாக்கி இருந்தது. நாகநாதன் அதைப் பார்க்கவில்லை. வள்ளியம்மை பக்கம் திரும்பியிருந்தார். மூச்சைப் பிடிக்கவும் இல்லை.

"என்னடி, காது மொட்டையா இருக்கு? தோடு எங்க?"

வள்ளியம்மை மூடிய கையைத் திறக்கவில்லை.

"தரையிலேருந்து காது வரைக்கும் வந்துட்டீங்களா?" என்றாள். "தைக்கு இன்னும் நாள் கிடக்கு. தோட்டை அப்புறம் போட்டுக்கிறேன். நீங்க பாருங்க."