டீச்சர் வாயைப் பாரு

ஷாமளாவுக்கு ஓரிடத்தில் சும்மா நிற்கத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று புருஷன் தீபன் கேலி செய்வான். சோறு வேகும்முன் பானையை நாலு தடவை திறந்து பார்ப்பாள். சிவப்பு விளக்கில் கார் நின்றால் அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடும். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, ஆறு வயதுப் பிள்ளைகள் ஓர் எழுத்தைப் பார்த்து அதன் சத்தத்தைச் சொல்லும்வரை காத்திருப்பது. ஆண்டவனுக்கும் குசும்பு உண்டு.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை பார்த்தவள், கோவிட் ஓய்ந்த பிறகு உலு திராமில் மீனாள் நடத்தும் பாலர் பள்ளியில் சேர்ந்தாள். ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஃபோனிக்ஸ் வகுப்பு அவளுடையது. தமிழில் க என்றால் க, ம என்றால் ம. வம்பில்லை. ஆங்கில எழுத்துக்கு அந்த நேர்மை கிடையாது. எம் என்று பெயர் வைத்துக்கொண்டு ம் என்று முனகும். ஷாமளா அதைப் பிள்ளைகளுக்கு ஒரே பேச்சில் புரிய வைத்துவிடுவாள்.

"பூனைக்குப் பேரு பூனை. ஆனா அது 'பூனை, பூனை'ன்னா கத்துது?"

வகுப்பு முழுக்க மியாவ் என்று கத்தும். எழுத்தும் அப்படித்தான், பேர் வேறு சத்தம் வேறு என்று சொல்லி, அவள் அடுத்த அட்டைக்குத் தாவிவிடுவாள்.

இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் காஹாங் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவள். முதலாம் ஆண்டில் ஆங்கிலப் பாடப் புத்தகம் முழுவதையும் தலைகீழாக ஒப்பித்து, கெட்டிக்காரி என்று பேர் வாங்கினாள். ஒருநாள் ஆசிரியை வேறு புத்தகத்தைத் திறந்து நீட்டினார். ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. வகுப்பு சிரித்தது. அந்த வெட்கம் இத்தனை வருஷமாகியும் அவளுக்கு ஆறவில்லை. தன்னிடம் படிக்கும் பிள்ளை எதுவும் அப்படி நிற்கக்கூடாது என்ற பதைப்பில்தான் அவள் ஓடிக்கொண்டே இருந்தாள்.

அவள் வழி எளிது. சொல் எழுதிய அட்டையைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "டீச்சர் வாயைப் பாரு" என்பாள். உதடு எப்படி மூடுகிறது, நாக்கு எங்கே போய் ஒட்டுகிறது என்று காட்டுவாள். பிள்ளைகள் பார்த்தார்கள், சொன்னார்கள், சீக்கிரத்தில் பொரிந்து தள்ளினார்கள். ஷாமளா டீச்சரிடம் போனால் பிள்ளை படித்துவிடும் என்று ஊரில் பேச்சு பரவியது.

லோஷினி மட்டும் படிக்கவில்லை. அந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்காது. அட்டையைக் கொடுத்தால் அதையே குனிந்து பார்த்துக்கொண்டு என்னவோ முணுமுணுக்கும். ஷாமளா மோவாயைப் பிடித்து நிமிர்த்துவாள். விட்டதும் தலை கவிழ்ந்துவிடும். பொறுக்க முடியாமல் ஷாமளாவே சொல்லைச் சொல்லி முடித்துவிடுவாள். லோஷினியின் அம்மா பிரவீனா விடிவதற்குள் பஸ் ஏறி எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். வரும் ஜனவரியில் பெரிய பள்ளிக்குப் போகிற பிள்ளை, எப்படியாவது படிக்க வைத்துவிடுங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

பெற்றோர் நாள் நெருங்கியது. பெட்டியிலிருந்து வருகிற அட்டையை ஒவ்வொரு பிள்ளையும் எடுத்துப் படிப்பதுதான் அன்றைய முக்கிய நிகழ்ச்சி. அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷத்துக்குப் பிள்ளைகள் சேருவார்கள். லோஷினியைப் படிக்க விடவேண்டாம், ஆட்டத்தில் வண்ணத்துப்பூச்சியாக நிறுத்திவிடலாம் என்றாள் மீனாள். ஷாமளா சரி என்று தலையாட்டினாள். ஆட்டிய தலை அன்று முழுக்கக் கனத்தது.

அந்த வாரம் எங்கோ எரிந்த காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்தது. எதிர் வரிசைக் கடைகள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஷாமளாவுக்கு இருமல் பிடித்துக்கொள்ள, மாஸ்க் போட்டுக்கொண்டு வகுப்பெடுத்தாள். அட்டையைத் தூக்கி, வகுப்பின் வாயாடி தர்ஷனாவிடம் காட்டினாள். தர்ஷனா படிக்கவில்லை. நேற்று படித்த அதே சொல். இன்னொரு பிள்ளையிடம் காட்டினாள், அதுவும் விழித்தது.

"டீச்சர், மாஸ்க்கைக் கழட்டுங்க," என்றாள் தர்ஷனா.

ஷாமளா சிரித்துக்கொண்டே மாஸ்க்கை இறக்கினாள். அவள் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. தர்ஷனா உடனே 'பென்' என்று சொன்னாள். ஷாமளா மாஸ்க்கை ஏற்றி வேறு அட்டையைக் காட்டினாள். அமைதி. இறக்கினாள். பதில் வந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை சொல்லும்வரை பொறுக்காமல் தன் உதடுகள் முந்திக்கொண்டு அசைகின்றன. இத்தனை நாளாகப் பிள்ளைகள் படித்தது எழுத்தை அல்ல, அவள் வாயை. தான் அன்று நின்றதுபோல இவர்களும் போய் நிற்கப்போகிறார்கள், நிறுத்தப்போவது தானேதான்.

அப்போதுதான் அந்த முணுமுணுப்பு காதில் விழுந்தது. தரையில் கிடந்த அட்டையைப் பார்த்து லோஷினி தன்பாட்டுக்கு ஸ் என்றாள். வெகுநேரம் கழித்து அ என்றாள். மூன்றாவது ஒலி வருவதற்குள் எப்போதும் குறுக்கே விழுந்தது யார் என்று ஷாமளாவுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அன்று மாலையே மீனாளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மீனாள் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"பெற்றோர் நாள் முடியட்டும் ஷாமளா. அப்புறம் உன் இஷ்டப்படி சொல்லிக்கொடு. அன்னிக்கு மட்டும் மாஸ்க்கைக் கழட்டிட்டு முன்னால நில்லு, போதும் லா."

மிச்சமிருந்த நாள்களில் ஷாமளா பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் நடத்தினாள். கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பது தொழிற்சாலையில் இரட்டை ஷிஃப்ட் பார்ப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. சில பிள்ளைகள் ஒலிகளைத் தட்டுத் தடுமாறிக் கோக்கத் தொடங்கின. பல பிள்ளைகள் திரும்பித் திரும்பி அவள் முகத்தைத் தேடின.

பெற்றோர் நாளன்று வானம் தெளிந்துவிட்டது. ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை, ஷாமளாவைத் தவிர. மீனாளின் முகம் இறுகியது.

முதலில் வந்தவள் தர்ஷனா. அவள் அப்பா கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார். பிள்ளை அட்டையைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, கண் கலங்கியது. ஷாமளாவின் கை தானாகக் காதோர மாஸ்க் கயிற்றுக்குப் போனது. ஓர் இழுப்பு போதும். பிள்ளை சிரிக்கும், சபை கைதட்டும், மீனாளுக்கும் நிம்மதி. விரல் அந்தக் கயிற்றில் மாட்டியபடி நின்றது. பிறகு கையை இறக்கி, தர்ஷனாவை அணைத்துக்கொண்டு பெற்றோர் பக்கம் திரும்பினாள்.

"உங்க பிள்ளைங்க மேல தப்பில்லைங்க. நான் வாயசைச்சு வாயசைச்சுப் பழக்கிட்டேன். அவங்க இன்னும் படிக்க ஆரம்பிக்கல. இனிமேதான் ஆரம்பிக்கணும்."

சபையில் சலசலப்பு எழுந்தது. கைப்பேசிகள் இறங்கின. யாரோ ஒருவர் எழுந்து வெளியே போனார். மீனாள் ஆட்டத்துக்குப் பாட்டைப் போடச் சொல்லிக் கை காட்டினாள். அந்தக் குழப்பத்தில், காகித இறக்கையோடு ஓரமாக நின்றிருந்த லோஷினி பெட்டிக்குள் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்துவிட்டாள்.

குனிந்துகொண்டாள். ம் என்றாள். இடைவெளி நீண்டது. யாரோ இருமினார்கள். மாஸ்க்குக்குள் ஷாமளாவின் உதடுகள் துடித்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஏ என்றாள் லோஷினி. மறுபடி மௌனம். கடைசியில் யாரையும் பார்க்காமல் 'மேப்' என்றாள். அட்டையைத் திருப்பிப் பெட்டியில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

பிரவீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து ஷாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் மட்டும் இல்லையென்றால் என் பிள்ளை படித்தே இருக்காது என்று அழுதாள். ஷாமளா மாஸ்க்கைக் கழற்றினாள்.

"அவ என்னைப் பாக்கவே இல்ல பிரவீனா," என்றாள். "அதனாலதான் படிச்சிட்டா."