நான்கு டிரம் விதை

எங்கள் ஊர் விதைக் கிடங்கின் சாவி பதினோரு வருடம் ஒருத்தியின் இடுப்பில்தான் இருந்தது. விதைக்காரி என்றால்தான் அவளைத் தெரியும். எனக்கு அக்கா முறை. மகா பிடிவாதக்காரி. ஒரு படி வாங்கினால் அறுவடையில் ஒன்றரைப் படி திரும்பி வந்தாக வேண்டும், கட்டின புருசனாகவே இருந்தாலும்!

அந்த வருடம் கிடங்கு விதை நெல்லை அவளும், மாவு மில் ஓட்டுகிற நானும் வெயிலில் கொட்டியிருந்தோம். மூன்று வெயில் காய வேண்டும். இரண்டாம் நாளே வானம் கறுத்தது. நான் குவியலின் மேலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தேன். டக்கென்று உடைந்தது.

"காஞ்சிருச்சுக்கா, மூடு மூடு!"

அடியில் கைவிட்டுப் பார்த்திருந்தால் எனக்கென்ன கேடு? நான்கு டிரம்மையும் இறுக மூடி மேட்டுக்கு ஏற்றினோம். அன்றே வெள்ளம் வந்து, நின்ற பயிரையும் வீட்டு இருப்பையும் கொண்டுபோனது.

சாலை அறுந்து, நிவாரண லாரி வருவதே அதிசயமாகிவிட்டது. வந்த அரிசியில் ஆளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சிதான் பங்கு. விதைக்காரியின் தங்கை பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"ரெண்டு படி குடுக்கா. புள்ளைக்குக் கஞ்சி வெக்கணும்."

"ஊருக்கே இவ்வளவு விதைதான்டி இருக்கு. என் பங்குக் கஞ்சிய எடுத்துட்டுப் போ."

தினமும் கொடுத்தாள், தான் பட்டினி கிடந்தாள். அது போதவில்லை. மூன்றாவது வாரம் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. தங்கை அதன்பின் அக்கா முகத்தில் விழிக்கவில்லை.

விதைப்புக்கு நாள் வந்ததும், வழக்கம்போல நூறு மணியை ஈரத்துணியில் முடிந்து வைத்தாள். நான்காம் நாள் அவிழ்த்தோம். முளைத்தது ஆறு. மற்ற டிரம்களிலும் அதே கதி. ஈரத்தோடு அடைத்ததில் உள்ளேயே புழுங்கிச் செத்திருக்கிறது.

"பாவி, நான்தானேக்கா மூடச் சொன்னேன்."

"சாவி என்கிட்டதானேடா இருந்துச்சு."

அவள் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மலைக்கு அந்தப்பக்க ஊரில் கையேந்தி விதை வாங்கி விதைத்தோம். விளைந்தது. கிடங்கை ஒரேயடியாகப் பூட்டிவிட்டு, வீட்டுக்கு இரண்டு பானை என்று பிரித்துக் கொடுத்தாள். ஒன்று விதைக்கு, ஒன்று பசிக்கு. பசிப் பானையைத் திறக்க யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம்.

தங்கை வீட்டுக்குப் போக மட்டும் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். தங்கை பானையின் அடிவரை கைவிட்டு ஒரு மணியை எடுத்துக் கடித்தாள்.

"காஞ்சிருக்கு."

ஒரு வருடம் கழித்து அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை. பிறகு சொன்னாள்:

"அன்னிக்கு டிரம்முல இருந்தது முளைக்காட்டியும் வெந்திருக்கும்க்கா."

விதைக்காரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றுதான் அழுதாள்.